கதவு திறந்தவர் புனிதரானார்



கடவுளோடு தாழ்ச்சியுடன் நடப்பதையே ஆண்டவர் நம்மிடம் கேட்கிறார் என்கிறார் இறைவாக்கினர் மீக்கா (6:8). அந்த நடையை ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு வாயிற்காவலர் வாழ்ந்து காட்டினார்.

பார்சாம் சிற்றூரின் வேளாண் குடும்பத்தில் 1818-இல் பிறந்த யோகான் பிர்ன்டோர்ஃபர், 1849-இல் கப்புச்சின் சபையில் சேர்ந்து கொன்ராட் என்னும் பெயர் பெற்றார். ஆல்ட்டோட்டிங் மரியன்னை திருத்தலத்தை அடுத்த துறவுமடத்தில் 41 ஆண்டுகள் வாயில் காத்தார். மணி ஒலிக்கும்தோறும் எழுந்தார், திருப்பயணிகளை வரவேற்றார், பசித்தோர்க்கு ரொட்டி அளித்தார். ஓய்வு கிடைத்தபோது, படிக்கட்டின் கீழிருந்த சிற்றறையின் சிறு சாளரம் வழியே ஆலயப் பீடத்தை நோக்கிச் செபித்தார்.

1894 ஏப்ரல் 21 அன்று இறந்த அவரை, 1934-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் புனிதராக உயர்த்தினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சிக்கு வந்திருந்தார். வலிமையையும் இனச்செருக்கையும் போற்றிய ஆட்சியாளர்களின் கண்முன்னே, திருச்சபை ஒரு கதவு திறப்பவரைப் பீடத்தில் ஏற்றியது.

பங்கு இல்லத்தின் மணி அகாலத்தில் ஒலித்தால் இன்றும் முகம் சுளிக்கும் எனக்கு இவரே ஆசிரியர். நம் அன்றாடக் கடமைகளில், அடுத்த மணி ஒலிக்கும்போது யார் வந்து நிற்கிறார் என்பதை விசுவாசக் கண்ணால் காண்போம்.

புனித கொன்ராட்டே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.