கடை மூடிய மூணாம் நாள் ராத்திரி

இன்னைக்குக் கதை எங்க ஊர் சங்கரன்கோவில்ல ஆரம்பிக்குது. 2020 மார்ச் 24, சாயங்காலம் 6 மணி, 144 தடை உத்தரவு. டாஸ்மாக் ஷட்டர் இறங்குச்சு, விசைத்தறிச் சத்தமும் நின்னுச்சு. முந்தின வாரம்தான் நான் சென்னையில இருந்து லேப்டாப்போட வந்திருந்தேன்.

என் சித்தப்பா தறி ஓட்டுறவர். இருபது வருஷமா தினமும் குடி. ரெண்டு நாள் அவர் வீட்டுலயே இருந்ததும் சித்திக்கு அவ்வளவு சந்தோஷம். "கொரோனா வந்து நல்லது பண்ணிட்டுய்யா"ன்னு என்கிட்ட சொன்னாங்க. மூணாம் நாள் ராத்திரி அவருக்குக் கை நடுங்குச்சு, உடம்பெல்லாம் வேர்வை. செவுத்துல எறும்பு ஊறுதுன்னு துண்டால தட்டிக்கிட்டே இருந்தார். எறும்பே இல்ல. விடியுறதுக்குள்ள வலிப்பு. பக்கத்து வீட்டுல காத்துக்கருப்புன்னு சொன்னாங்க. நான் கொரோனான்னு பயந்து கிட்டப் போகவே யோசிச்சேன். இப்பச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

ரெண்டுமே இல்ல. மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடிக்கிறவரோட மூளை, அதுக்கு ஈடுகட்ட எப்பவும் வேகமா ஓடிப் பழகிடும். மது திடீர்னு நின்னா அந்த வேகம் மட்டும் மிஞ்சும். ரெண்டு மூணு நாள்ல வலிப்பு, பிரமை. கவனிக்காம விட்டா உயிரே போகலாம்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் அப்ப பல ஆஸ்பத்திரிகள்ல எண்ணிப் பார்த்தாங்க. இந்த மாதிரி கேஸ்கள் ஊரடங்குக்கு அப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கேரளத்துல தற்கொலைகள் நடந்ததும், டாக்டர் சீட்டு இருந்தா மது கொடுக்கலாம்னு அரசு உத்தரவு போட்டுச்சு. டாக்டர்கள் எதிர்த்தாங்க, ஹைகோர்ட் தடை போட்டுச்சு. நம்ம புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்துல ஷேவிங் லோஷனைக் குடிச்சு மூணு பேர் செத்தாங்க.

நமக்கு மதுவிலக்கு புதுசு இல்ல. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலத்துல கொண்டு வந்தார். 1948-ல மாகாணம் முழுக்க. சேலத்துல கடையை மூடினதோட விடல. குடிச்சவங்க சாயங்காலத்தை எப்படிக் கழிப்பாங்கன்னு யோசிச்சு பஜனை, நாடகம், விளையாட்டுன்னு ஏற்பாடு பண்ணாங்க. அரசுக்குப் போன வருமானத்துக்கு 1939-ல விற்பனை வரி வந்துச்சு. அதாவது கஜானாவோட நடுக்கத்துக்கும் மருந்து ரெடி! 2020-ல சாயங்காலத்தைப் பத்தி யாரும் யோசிக்கல.

மே 7, சென்னை தவிர்த்து கடைகள் திறந்துச்சு. ஒரே நாள்ல சுமார் 170 கோடி ரூபாய். மறுநாளே ஹைகோர்ட் மூடச் சொல்லுச்சு, சுப்ரீம் கோர்ட் தடை கொடுத்ததும் 16-ஆம் தேதி மறுபடி திறந்தாங்க. 2019-20-ல டாஸ்மாக் மூலமா அரசுக்கு வந்தது 33,133 கோடி. இத்தனை நாள் மூடியிருந்தும், விலையும் ஏறினதுல, அடுத்த வருஷம் 33,811 கோடி.

ஆறு வாரம் தொடாம இருந்த சித்தப்பாவும் அந்த வரிசையில நின்னார். கோவப்பட்டேன். "குடிக்கவால போனேன்? நாலு மூஞ்சியப் பாக்கத்தாம்ல போனேன்"னார். தறி இல்ல, டீக்கடை இல்ல, சங்கரநாராயணர் கோயில் நடையும் சாத்தியிருந்துச்சு. எங்க போவார்? நானே ராத்திரி கதவைச் சாத்திட்டு, வேலை முடிஞ்ச அலுப்புல தனியா பீர் குடிச்சுக்கிட்டு இருந்தவன்தான். எனக்கு யாரும் குடிகாரன்னு பேர் வைக்கல.

இப்ப மனநல உதவிக்கு 14416-னு டெலி மனஸ் எண் இருக்கு. அது 2022 அக்டோபர்லதான் வந்துச்சு.

2021 மே 10-ல இருந்து மறுபடி கடை மூடுறாங்கன்னு செய்தி வந்த அன்னைக்கே சித்தி அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் மாத்திரையோட வந்தாங்க. மூணாம் நாள் ராத்திரி நான் அவர் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கை கொஞ்சம் நடுங்குச்சு. எறும்பு வரல.