குற்றாலத்தில் ஒரு கிராம்புத் தோட்டம்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று கேட்பது அசட்டுக் கேள்வி. அருவியில் தலையைக் கொடுக்கப் போகிறார்கள். ஆனி பிறந்து சாரலும் தொடங்கிவிட்டால், ஐந்தருவி வரைக்கும் எண்ணெய்த் தலைகளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. குளித்துவிட்டுப் பசியோடு திரும்பும்போது கடைத்தெருவில் மங்குஸ்தான் பழம் குவித்திருக்கும். வாங்கித் தின்கிறோம். மலாய் நாட்டுப் பழம் இந்த மலையடிவாரத்துக்கு எப்படி வந்தது என்று கேட்பதற்குள் பழம் தீர்ந்துவிடுகிறது!

நான் ஒரு முறை கேட்டு வைத்தேன். பழத்தின் கதையைத் தேடப் போனவன், கிராம்பின் கதையில் அகப்பட்டுக்கொண்டேன்.

1800-ஆம் ஆண்டை ஒட்டிக் கிழக்கிந்தியக் கும்பினியார் குற்றாலத்தில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் போட்டார்கள். கிராம்பும் சாதிக்காயும் அதில் நட்டார்கள். இந்தியாவில் கிராம்புப் பயிருக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்தத் தோட்டம்தான். அது எப்பேர்ப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். திருநெல்வேலிச் சீமையின் ஒரு கோடியில் பீரங்கி வெடித்துக்கொண்டிருந்த நாளில், இன்னொரு கோடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படி என்ன அவசரம்?

அவசரத்துக்குக் காரணம் பல்லாயிரம் கல் தொலைவில், கீழ்க்கடலில் இருந்தது. அந்தக் காலத்தில் உலகத்துக்கு வேண்டிய கிராம்பு முழுவதும் மொலுக்கஸ் தீவுகளிலிருந்துதான் வரவேண்டும். சாதிக்காயோ அங்கேயே பண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்தின் சொத்து. அவற்றைக் கைப்பற்றியவர்கள் ஒல்லாந்தர். நம் தூத்துக்குடியில் 1658 முதல் கொடி நாட்டியிருந்த அதே ஒல்லாந்தர்தாம். சோழமண்டலக் கரையில் நம்மவர் நெய்த துணி கப்பலேறி அந்தத் தீவுகளுக்குப் போகும். அதைக் கொடுத்து வாசனைத் திரவியம் வாங்குவார்கள்.

வியாபாரத்தைத் தனியுடைமையாக்க அவர்கள் செய்த காரியங்களை எழுதக் கை கூசுகிறது. 1621-ல் பண்டாவைப் பிடித்தபோது அங்கே இருந்த சுமார் 15,000 பேரில் ஓராயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்கிறார்கள் சரித்திரக்காரர்கள். பிறகு மரங்களின் முறை வந்தது. அம்பாய்னாவிலும் அதை அடுத்த சில தீவுகளிலும் மட்டும் கிராம்பை விட்டுவைத்து, மற்றத் தீவுகளில் நின்ற மரங்களைப் படகுப் படையோடு போய் வெட்டித் தள்ளினார்கள். சாதிக்காயை வேறெங்கும் முளைக்க வைத்துவிடக் கூடாதே என்று சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். விலை இறங்காமலிருக்க 1760-ல் ஆம்ஸ்டர்டாமில் வாசனைச் சரக்கை மலையாகக் குவித்துக் கொளுத்தினார்கள். ஊரே மணத்ததாம்!

காவல் காக்க வசதியாகத்தான் மரங்களை ஒரே மூலையில் ஒடுக்கினார்கள். ஆனால் ஒரே கிணற்றை நம்பின ஊரின் கதி என்ன? 1778-ல் பண்டாவில் பூமி அதிர்ந்தது, எரிமலை கக்கியது, புயலும் சேர்ந்துகொண்டது. சாதிக்காய் மரங்களில் பாதி போயிற்று. எத்தனை காவற்படகு வைத்திருந்தும் எரிமலையைத் தடுக்க முடியவில்லை.

இதற்குள் திருடனும் வந்துவிட்டான். அவன் பிரெஞ்சுக்காரன், பெயர் பியேர் புவாவ்ர். புவாவ்ர் என்றால் அவர்கள் பாஷையில் மிளகு. பெயர்ப் பொருத்தம் இப்படியும் அமைகிறது. 1770-ல் அவன் ஏற்பாட்டில் கிராம்பு, சாதிக்காய்ச் செடிகள் களவாக மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தன.

ஆங்கிலேயருக்கு வாய்ப்பு பின்னால் கிட்டியது. 1795-ல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தில் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ரெய்னியர் என்ற கடற்படைத் தலைவர் சென்னையிலிருந்து பாய் விரித்தார். 1796 மார்ச்சுக்குள் அம்பாய்னாவும் பண்டாவும் கைக்கு வந்தன. சமாதானம் ஏற்பட்டால் தீவுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது கும்பினியாருக்குத் தெரியாததல்ல. தீவு போனாலும் செடி போகக் கூடாது என்று கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற செடிநூல் வல்லுநரை அங்கே அனுப்பினார்கள். அவர் கப்பல் கப்பலாகக் கன்றுகளை ஏற்றிப் பினாங்குக்கும் கல்கத்தாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார். எதிர்பார்த்தபடியே 1802-ல் அமியான் உடன்படிக்கையில் தீவுகள் ஒல்லாந்தருக்கே திரும்பின.

கன்று என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். கிராம்பு விதையை நெல் விதை போல உலர்த்திக் கோட்டை கட்டி வைக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். உயிரோடு, மண்ணோடு, உப்புக் காற்றுப் படாமல் கொண்டுவர வேண்டும். நட்ட பிறகு பூவைப் பார்க்க ஏழெட்டு வருஷம். சாதிக்காயின் குறும்பு இன்னும் பெரிது: ஆண் மரம், பெண் மரம் என்று இரண்டு உண்டு, பூக்கிற வரைக்கும் எது எதுவென்று தெரியாது. ஆறேழு வருஷம் சோறு போட்டு வளர்த்தது ஆண் என்று தெரிந்தால் தோட்டக்காரன் யாரிடம் போய் முறையிடுவான்?

இந்தச் செல்லப்பிள்ளைகளுக்குக் குற்றாலம் ஏற்ற இடம். தென்காசி விசுவநாதர் கோயில் வாசலில் நிற்கிறவனை உள்ளே தள்ளுகிறதே ஒரு காற்று, அது ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று. ஆனி ஆடியில் சாரலைக் கொண்டுவருவதும் அதுதான். ஐப்பசி கார்த்திகையில் வாடைமழை தனி. மலை நிழலும் சிற்றாற்று ஈரமும் சேர்ந்தால் தீவுச் செடிக்குப் பிறந்த வீடு மறந்துபோகும்.

ஆனாலும் உலகச் சந்தையைக் குற்றாலம் பிடிக்கவில்லை. தட்டுப்பாட்டுக்குப் பயந்து வைத்த தோட்டம், தட்டுப்பாடு தீர்ந்தவுடன் வீண் செலவாகத்தான் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். மொரீஷியஸிலிருந்து பரவிய கிராம்பு, 1818 வாக்கில் ஆப்பிரிக்கக் கரையில் சான்சிபார் தீவில் வேரூன்றி, அடிமைகளின் உழைப்பில் மலிவாக விளைந்து சந்தையை நிறைத்தது. அங்கேயும் பழைய கதைதான். 1872-ல் வீசிய புயலில் அந்தத் தீவின் கிராம்பு மரங்களில் மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது. பக்கத்துப் பெம்பாத் தீவு தப்பியதால் உலகம் கிராம்பில்லாமல் போகவில்லை. புயலுக்குப் பின் பெம்பாவே முதலிடத்துக்கு வந்தது.

குற்றாலத்துச் செடியும் சும்மா இருந்துவிடவில்லை. 1850-க்குப் பிறகு இந்தியாவில் கிராம்புப் பயிர் தெற்கே நாகர்கோவிலை அடுத்த மலைகளுக்கும் நீலகிரிக்கும் பரவியது. இன்று கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இருந்தும், நாம் தின்னும் கிராம்பில் பெரும்பகுதி இன்னும் கடல் கடந்துதான் வருகிறது.

சென்ற சாரலில் தென்காசிக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் நின்று, "அண்ணாச்சி, இது எந்த ஊர்க் கிராம்பு?" என்று கேட்டேன்.

"மடகாஸ்கர் இருக்கு, கொழும்பு இருக்கு. எது வேணும் சார்?"

"நம்ம மலைக் கிராம்பு?"

"அதுவா? ரெண்டு நாள் பொறுத்தா வரவழைச்சுத் தாரேன்" என்றார். மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது. நான் அன்று இரவு ரயிலுக்கே திரும்ப வேண்டியிருந்தது. ஐம்பது கிராம் மடகாஸ்கர் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.