ஆடிட்டர் அறையில் பிறந்த காற்றாலை

தமிழ்நாட்டுக் காற்றாலையின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் ஆடிக்காற்றில்தான் தொடங்குவார்கள். அம்மியும் பறக்கும் என்று நாமும் தலையாட்டுவோம். அம்மி பறந்து யாரும் பார்த்ததில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி காலத்திலும் இதே காற்றுதான் வீசிக்கொண்டிருந்தது. அதை நம்பி வரிசை வரிசையாகக் கோபுரம் நட ஆள் கிளம்பியது 1990களில்தான். அவர்களைக் கிளப்பிவிட்டதில் காற்றைவிட வருமான வரிச் சட்டத்தின் 32ஆம் பிரிவுக்குத்தான் பங்கு அதிகம்.

காற்றையும் ஒரேயடியாகக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, மழையைக் கேரளத்திலேயே கொட்டிவிடுகிறது. ஈரம் இழந்த வெறுங்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடைவெளிகளில் நெருக்கியடித்து நுழைந்து, வேகமெடுத்து நம் பக்கம் வந்து விழுகிறது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை ஓயாது. உடுமலைப்பேட்டை, கம்பம் பள்ளத்தாக்கு, கயத்தாறு, முப்பந்தல் எல்லாம் இப்படிக் காற்று வாங்கும் ஊர்கள்தாம்.

வீசுகிறது என்று ஊருக்கே தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது. வானிலைத் துறையின் பழைய காற்றுமானிகள் பல, தரைக்குப் பக்கத்தில், மரமும் கட்டடமும் மறைக்கும் இடங்களில் இருந்தன. மின்சாரத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகத்தை அளப்பதில் சின்னப் பிழை வந்தாலும் முதலீடு கவிழ்ந்துவிடும். இந்த வேலையைக் கையில் எடுத்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர். மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி.ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் நிறமாலையை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. பிறகு வானிலைத் துறையில் சேர்ந்து, கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். 1976இல் ஓய்வுபெற்ற பிறகும் ஓய்வெடுக்கவில்லை. இந்தியக் காற்றின் புள்ளிவிவரத் தொகுப்பு 1983இல் வந்தது. அடுத்து நாடெங்கும் கம்பம் நட்டு, அதன் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுழலும் மானியைப் பொருத்தி, மணிக்கணக்காக எண்களைச் சேர்க்கும் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. முதலீட்டாளர்கள் பிற்பாடு பணத்தைக் கொட்டியது இந்த எண்களை நம்பித்தான். காற்றாலை என்றதும் நம் ஊரில் யாருக்கும் அவர் பெயர் நினைவுக்கு வருவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

முதல் காற்றாலைகள் 1986இல் தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் சுழன்றன. தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டம். அந்த ஆண்டு அக்டோபரில்தான் தனி மாவட்டமானது. டென்மார்க்கின் வெஸ்டாஸ் கம்பெனி செய்த இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 55 கிலோவாட், இறக்கை வட்டத்தின் குறுக்களவு சுமார் 15 மீட்டர். அதே ஊரின் அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மட்டும் 210 மெகாவாட். அதற்கு ஈடுகட்ட இப்படி 3,800 காற்றாடிகள் வேண்டும். சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மின்வாரியம் 1993 வரை கயத்தாறு, முப்பந்தல் என்று அங்கங்கே மாதிரிக்காக நட்டதெல்லாம் சேர்ந்து 20 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை.

அப்புறம்தான் ஆடிட்டர்கள் வந்தார்கள். அந்த 32ஆம் பிரிவின்கீழ், காற்றாலை வாங்கினால் அதன் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சலுகை கொடுத்திருந்தது. கம்பெனி வரி அன்றைக்கு லாபத்தில் ஏறத்தாழப் பாதி. ஒரு கோடி லாபம் பார்த்த முதலாளி ஐம்பது லட்சத்தை வரியாகக் கட்ட வேண்டும். அந்தக் கோடியைக் காற்றாலையில் போட்டால் வரியே இல்லை. அதாவது பாதி விலையை அரசு கட்டியது மாதிரி. மீதியைக் காற்று கட்டும். ஆலைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் ஆரல்வாய்மொழியில் நிலம் தேடியது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். பனையும் உடைமுள்ளும் தவிர வேறு விளையாத தேரிக்கும் பொட்டலுக்கும் புரோக்கர்கள் முளைத்தார்கள்.

சட்டத்தில் இன்னொரு கொக்கியும் இருந்தது. சொத்து அந்த நிதியாண்டில் 180 நாளாவது பயன்பட்டிருந்தால்தான் முழுத் தேய்மானம், குறைந்தால் பாதி. செப்டம்பர் கடைசிக்குள் ஓட்டிவிட்டால் முழுச் சலுகை, தவறினால் மார்ச் 31க்குள் பாதிச் சலுகை. ஆகவே செப்டம்பரிலும் மார்ச்சிலும் கிரேனுக்குக் கிராக்கி. லாரிகள் இறக்கைகளைச் சுமந்துகொண்டு முப்பந்தல் இசக்கியம்மனைத் தாண்டி வரிசைகட்டும். ஓடத் தொடங்கியது என்று மின்வாரியப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். செப்டம்பர் முடியும்போது காற்றே முடிந்துவிடும். இறக்கை சுழல ஏழெட்டு மாதம் காத்திருக்க வேண்டிய நேரத்தில் இயந்திரத்தை அவசர அவசரமாக நட்ட விந்தை, நாள்காட்டியை வரித்துறை எழுதியதால் வந்தது.

பணம் எப்படிப் புரண்டது என்பதற்கு ஓர் அடையாளம்: காற்றாலை விற்ற சென்னையின் என்.இ.பி.சி. மைக்கான் குழுமம் சொந்தமாக விமானங்களே பறக்கவிட்டது. 1997இல் விமானங்கள் நின்றன. அதற்கு முந்தைய ஆண்டு பட்ஜெட்டில், லாபம் காட்டும் கம்பெனி குறைந்தபட்ச வரியாவது கட்டியே ஆகவேண்டும் என்ற விதி வந்திருந்தது. காற்றாலை விற்பனை சரிந்தது. காற்று மட்டும் வழக்கம்போல வீசியது.

சலுகையின் கவர்ச்சி குறைந்ததும் கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமல் காத்தவை நூற்பாலைகள். பஞ்சுக்கு அடுத்தபடியாக ஸ்பின்னிங் மில்லுக்குப் பெரிய செலவு கரண்ட் பில். மின்சாரம் நின்றால் ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் ஆயிரம் ஸ்பிண்டிலிலும் நூல் அறுந்துபோகும். ஒவ்வொன்றாக எடுத்து ஒட்ட வேண்டும். வரிக்காக வாங்கிய காற்றாலையை மில்காரர்கள் சொந்த உபயோகத்துக்குத் திருப்பினார்கள். முப்பந்தலில் ஓடும் மீட்டருக்கும் கோவையில் இருக்கும் மில்லுக்கும் நடுவே மின்வாரியம் பாலம் போட்டது: ஜூன், ஜூலையில் நீ கொடுத்த யூனிட்டை என் கணக்கில் வரவு வைத்து, ஒரு சிறு சதவீதம் பிடித்துக்கொண்டு, ஜனவரியில் உன் பில்லில் கழித்துத் தருகிறேன். ‘பேங்கிங்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வரிச்சலுகையைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இது என்பேன். 2008 நவம்பரில் தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தபோது, காற்றாலை வைத்திருந்தவர்களும் இல்லாதவர்களும் இரண்டு சாதியானார்கள்.

மின்வாரியத்துக்கோ இது நெடுநாள் வயிற்றெரிச்சல். தக்காளி சீப்படும் நாளில் கிலோ கணக்கில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, நூறு ரூபாய் விற்கும் நாளில் அதே எடையைத் திருப்பிக் கேட்டால் எந்தக் கடைக்காரர் சிரிப்பார்? காற்று ஓங்கி வீசும் நாட்களில் வாங்க லைன் போதாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும் உண்டு. நிறுத்தியதற்கு மில்காரர்கள் வழக்குப் போட்டதும் உண்டு.

ஏறத்தாழ முப்பது ஆண்டு முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டை, 10,000 மெகாவாட்டுக்கு மேல் கையிலிருந்தும், அண்மையில் குஜராத் முந்திவிட்டது. பிறந்த வீட்டின் புத்தி இங்கேதான் வெளிப்படுகிறது. நாட்டிலேயே நல்ல காற்று வரும் முப்பந்தல் மண்ணில் 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. இன்று ஒற்றை இயந்திரமே 3 மெகாவாட். பழையதைக் கழற்றிப் புதியதை நட 2024இல் மாநில அரசு ஒரு கொள்கையையும் கொண்டுவந்தது. ஆனால் கடனும் தேய்மானமும் எப்போதோ முடிந்த பழைய காற்றாலை தரும் யூனிட் ஏறக்குறைய இலவசம். புதியதற்கு அகலமான இடைவெளி வேண்டும், பக்கத்து நிலக்காரர்கள் பத்துப் பேர் ஒத்துவர வேண்டும், பழைய பேங்கிங் சலுகை தொடருமா என்பதற்கும் உத்தரவாதம் வேண்டும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்த முதலாளி கிரீஸ் போட்டு இன்னொரு வருஷம் ஓட்டுகிறார்.

2030க்குள் மின்சாரத்தில் பாதி பசுமை வழியில் வர வேண்டும் என்பது மாநிலத்தின் இலக்கு. மன்னார் வளைகுடாக் கடலுக்குள் 500 மெகாவாட் காற்றாலைக்கு மத்திய அரசு 2024இல் நிதியுதவி ஒப்புக்கொண்டது. மின்சாரத்தை உண்மையாகவே சேமித்து வைக்க ஆனைமலையில் 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையம் 1980களிலிருந்து இருக்கிறது; குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்றைப் பல வருடமாகக் கட்டுகிறார்கள். ஆனால் நீரேற்று நிலையம் மத்தியான வெயிலை ராத்திரிக்குக் கொண்டுபோகும், ஆடியைத் தைக்குக் கொண்டுபோகாது. அதற்கு இன்றும் மின்வாரியத்தின் பேரேடுதான். மில்காரர் தை மாதத்தில் எடுத்துக்கொள்ளும் ஆடி யூனிட்டுக்காக அன்றைக்கு எங்கோ எரிவது பெரும்பாலும் நிலக்கரி.