பெரிய தொட்டியா, சின்னக் கண்ணாடிக் குழாயா?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு நாலைந்து ஊறல் நன்றாக வந்ததுமே பெரிய ஸ்டீல் கொப்பரை வாங்கும் ஆசை வந்துவிடுகிறது. பிரிட்டனில் 1880 முதல் வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. ஆனால் எந்தச் சாமானுக்குப் பணம் போடுவது என்ற கேள்வியை இவர்களுக்கு இருநூறு ஆண்டு முன்பே இங்கிலாந்தின் தொழில்முறைக் காய்ச்சுநர்கள் சந்தித்தார்கள். பீரை மாற்றியது அவர்கள் கட்டிய தொட்டிகளைவிட அளவுகருவிகள்தான் என்பது என் முடிவு.

அரைத்த மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் ஊறவைக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வெந்நீரின் பக்குவத்தை அந்தக் காலத்தில் கண்ணால்தான் பார்த்தார்கள்: ஆவி விலகி, தண்ணீரில் தன் முகம் தெரிந்தால் மால்ட்டைக் கொட்டலாம். அனுபவசாலிக்கு இது ஓரளவு பலித்தது. ஆனால் ஊறல் 63 டிகிரி செல்சியஸில் நின்றால் பீர் மெலிந்து வறண்டிருக்கும், 70இல் நின்றால் கனத்து இனிக்கும். இந்த ஏழு டிகிரியை ஆவி காட்டிக்கொடுக்காது. மைக்கேல் கொம்ப்ரூன் 1762இல் வெளியிட்ட நூலில் தெர்மாமீட்டரை வைத்துக் காய்ச்சும் முறையை விளக்கினார். ஹாம்ப்ஷயரின் ஆல்டன் ஊரில் காய்ச்சுநரின் மகனான ஜேம்ஸ் பேவர்ஸ்டாக், தந்தைக்குப் பிடிக்காததால் தெர்மாமீட்டரை ஒளித்து வைத்துத்தான் பயன்படுத்தினார். பின்னர் ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு லண்டன் போனார். பெரும் முதலாளி சாமுவேல் விட்பிரெட் அவரை ஊக்குவிக்காமல் அனுப்பிவிட்டார். ஹென்றி த்ரேல் காதுகொடுத்துக் கேட்டார்.

ஊறல் சாற்றில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதை, மிதக்கும் ஹைட்ரோமீட்டர் (இன்று சின்னக் கண்ணாடிக் குழாய்) சொல்லிவிடும். ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் காய்ச்சுநர்களுக்கென்றே அதைச் செம்மைப்படுத்திய பிறகு ஓர் உண்மை வெளியே வந்தது. லண்டனின் போர்ட்டர் பீருக்குப் பழுப்பு மால்ட்தான் விலை மலிவு என்று தலைமுறைகளாக நம்பி வாங்கினார்கள். அளந்து பார்த்தால், விலை கூடிய வெளிர் மால்ட்டில்தான் கணிசமாக அதிகச் சர்க்கரை கிடைத்தது. செலவுக் கணக்கே தலைகீழானது. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின, பீரின் கருமை குறைந்தது. அந்தக் குறையைத் தீர்க்க 1817இல் டேனியல் வீலர், காபிக்கொட்டை வறுப்பதுபோல உருளையில் மால்ட்டைக் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஸ்டவுட் என்னும் கரும்பீரின் நிறம் அங்கிருந்து வந்தது.

பெரிய தொட்டிகளால் பயனே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. போர்ட்டர் மாதக்கணக்கில் முதிர வேண்டிய பீர்; ஒரே தொட்டியில் முதிர்ந்தால் சுவை சீராக இருக்கும், கூலியும் மிச்சம். ஆனால் தேவை எங்கோ முடிந்து, யார் தொட்டி பெரிது என்ற போட்டி தொடங்கிவிட்டது. 1814 அக்டோபர் 17 அன்று லண்டன் மியூ ஆலையில் 22 அடி உயரத் தொட்டியின் இரும்புப் பட்டை ஒன்று கழன்றது; சிறிது நேரத்தில் தொட்டியே வெடித்தது. செயின்ட் கைல்ஸ் குடிசைப் பகுதிக்குள் பாய்ந்த பீர் எட்டு உயிர்களைக் கொண்டுபோனது. பெண்களும் குழந்தைகளுமாக இருந்த அந்த ஏழைகளுக்கும் ஆலைகளின் பெருமைப் போட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொரு வாதம் வலுவானது: ஆயிரக்கணக்கான பீப்பாய் காய்ச்சுகிறவருக்குத்தான் அளவீட்டால் லாபம், 20 லிட்டர் காய்ச்சும் வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது சில்லறைதானே? பணத்தை மட்டும் பார்த்தால் சரி. வீட்டுக்காரருக்கு வேண்டியதோ போன முறை நன்றாக வந்த பீர் இந்த முறையும் வருவது. வெப்பமும் அடர்த்தியும் குறித்து வைக்காதவர் 50 லிட்டர் கொப்பரை வாங்கினால், காரணம் தெரியாத அதே கோளாறு 50 லிட்டராகப் பெருகும். அளக்கத் தெரிந்து, பாத்திரம் மட்டுமே போதாதவருக்குக் கொப்பரை நியாயமான செலவு.

பேவர்ஸ்டாக்கை ஊக்குவிக்காமல் அனுப்பிய அதே லண்டன் விட்பிரெட் ஆலைக்கு 1871இல் லூயி பாஸ்டர் போனார். போர்ட்டர் ஈஸ்டை நுண்ணோக்கியில் வைத்து, அதில் கலந்திருந்த வேற்றுக் கிருமிகளைக் காட்டினார். ஒரு வாரத்துக்குள் அவர் மறுபடி போனபோது, நிர்வாகிகள் நுண்ணோக்கி வாங்கியிருந்தார்கள்; பயன்பாட்டில் இருந்த ஈஸ்டையும் மாற்றியிருந்தார்கள்.