கடல் உடைத்த குளமும் ஊர் போட்ட பங்குப் பணமும்



ஊர்ப் பொதுக்காரியத்துக்கு வசூல் என்று நோட்டும் பேனாவுமாக நாலு பேர் வாசலுக்கு வந்தால் நம் மனதில் முதலில் எழும் கேள்வி, "கணக்கு யார் காட்டுவார்கள்?" என்பதுதான். அது தப்பான கேள்வி இல்லை, கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு நல்ல பதில் சொன்ன ஒரு குளத்தின் வரலாற்றை இன்று சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

குளம் இருப்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் பகுதியிலுள்ள பென்சான்ஸ் என்ற கடற்கரை ஊரில். லண்டன் பாடிங்டனில் புறப்படும் இரயிலுக்கு அதுதான் கடைசி நிலையம், நமக்கு ராமேஸ்வரம் மாதிரி. சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்து கொடுத்தார் என்று அறிவியல் பாடத்தில் படித்தோமே, அந்த ஹம்ஃப்ரி டேவி 1778இல் பிறந்த ஊர். மக்கள்தொகை சுமார் 20,000. நம் பேரூராட்சி ஒன்றின் அளவு.

அங்கே கடலை ஒட்டிய பாறைகளின் மேல் முக்கோண வடிவில் ஒரு திறந்தவெளி நீச்சல்குளம் கட்டினார்கள். நிரப்புவது கடல்நீர். வடிவமைத்தவர் நகராட்சிப் பொறியாளர் கேப்டன் ஃபிராங்க் லேதம். 1935 மே 31 அன்று திறந்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அரியணை ஏறி 25 ஆண்டு நிறைந்த வெள்ளி விழா ஆண்டு அது. அதனால் ஜூபிலி குளம் என்று பெயர். நம்மூர்களிலும் ஜூபிலி என்ற பெயரில் கிணறும் மணிக்கூண்டும் பார்த்திருப்பீர்கள். அதே வழக்கம்தான்.

1930களில் இப்படிப்பட்ட குளங்கள் பிரிட்டன் முழுவதும் வரிசையாக எழும்பின. அவற்றுக்கு 'லிடோ' என்று பெயர். வெனிஸ் நகரத்துக் கடற்கரைத் தீவின் பெயரிலிருந்து வந்த சொல். வெயிலும் காற்றும் உடம்புக்கு மருந்து என்று அன்றைய மருத்துவர்கள் சொன்னார்கள். ஆலைப் புகைக்குள் வளரும் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்களுக்குக் கூலி தருவதற்கும் கட்டட வேலை பயன்பட்டது. 1938இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்குச் சட்டம் வந்தது. தொழிலாளி குடும்பமும் சில நாள் கடற்கரைக்குப் போகலாம் என்ற காலம் பிறந்தது. பணக்காரருக்குச் சொந்தக் குளம், ஏழைக்கு ஊர்க்குளம். அந்த ஊர்க்குளத்தை அழகாகவும் கட்டவேண்டும் என்று நினைத்தார்களே, அதுதான் அந்தத் தலைமுறையின் பெருமை.

பிறகு காலம் மாறியது. 1960, 70களில் விமானக் கட்டணம் குறைந்தது. கோடை வந்தால் மக்கள் ஸ்பெயின் பக்கம் பறந்தார்கள். கூரை போட்ட, வெந்நீர் விட்ட நீச்சல்குளங்கள் வந்தன. பழைய குளங்களின் சுவர் வெடித்தது, குழாய் துருப்பிடித்தது. நகராட்சிகளிடம் பணம் இல்லை.

இங்கே சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இங்கிலாந்தில் பொதுநூலகம் நடத்துவது உள்ளாட்சியின் கட்டாயக் கடமை. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீச்சல்குளம் நடத்துவது கட்டாயம் இல்லை, விரும்பினால் நடத்தலாம். வரவு குறையும்போது முதலில் வெட்டு விழுவது எதற்கு என்று சொல்லவே வேண்டாம். ஒவ்வொன்றாக மூடினார்கள். பலவற்றை மண் போட்டு நிரப்பி வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள்.

ஜூபிலி குளத்துக்கும் அந்த நிலை வந்தது. 1990களின் தொடக்கத்தில் பாழடைந்து மூடும் கட்டத்துக்குப் போனது. அப்போது ஜான் கிளார்க் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் எழுந்து நின்றார். ஊர்க்காரர்களைச் சேர்த்தார், அதிகாரிகளுக்கு எழுதினார். 1993இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறிவிட்டால் எளிதில் இடிக்க முடியாது. 1994இல் பழுது பார்த்துத் திறந்தார்கள். ஓய்வூதியக்காரர் ஒருவர் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. என் வயது நண்பர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்!

இருபது ஆண்டு கழித்துச் சோதனை கடல் வழியாக வந்தது. 2014 பிப்ரவரியில் தென்மேற்கு இங்கிலாந்தை அடுத்தடுத்துப் புயல்கள் தாக்கின. டாலிஷ் என்ற இடத்தில் கடல் சுவர் இடிந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பென்சான்ஸுக்கு வரும் ஒரே இரயில் பாதை இரண்டு மாதம் துண்டிக்கப்பட்டது. அதே மாதத்தில் ஜூபிலி குளத்தையும் அலை அடித்து நொறுக்கியது.

ஊர் மக்கள் 'ஜூபிலி குளத்தின் நண்பர்கள்' என்ற அமைப்பின் மூலம் வசூலில் இறங்கினார்கள். சீரமைப்புச் செலவு கிட்டத்தட்ட 30 லட்சம் பவுண்டு. உண்டியல் குலுக்கிச் சேரும் தொகை இல்லை. கடலோர ஊர்களுக்கென்று அரசு வைத்திருந்த நிதியிலிருந்து பெரும்பகுதி வந்தது. மாவட்ட, நகர மன்றங்கள் கொடுத்தன. மக்களின் பணமும் சேர்ந்தது. 2016 மே மாதம் குளம் திறந்தது.

சாதாரணமாக இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். திறப்பு விழா, நாடா வெட்டு, புகைப்படம், அதோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம். பத்து வருடம் கழித்து மறுபடி சுவர் வெடிக்கும், மறுபடி வசூல் நோட்டு வரும். பென்சான்ஸ்காரர்கள் இங்கேதான் வேறு மாதிரி யோசித்தார்கள். கட்டுவதற்கு ஒரு முறை பணம் கேட்டால் மக்கள் தருவார்கள். மின்கட்டணத்துக்கும், காவலர் சம்பளத்துக்கும், வருடாவருடம் வெள்ளையடிப்பதற்கும் யார் தருவார்கள்?

அவர்கள் குளத்தை நடத்த ஒரு சமூக நலச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். நம் கூட்டுறவுச் சங்கத்துக்கு உறவுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊராரிடம் நன்கொடை கேட்காமல் பங்கு வாங்கச் சொன்னார்கள். இந்தப் பங்கைச் சந்தையில் விற்று இலாபம் பார்க்க முடியாது. ஆனால் அதை வாங்கியவர் உறுப்பினர். ஆண்டுக் கூட்டத்தில் உட்காரலாம், கணக்குக் கேட்கலாம், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். முக்கியமான விதி, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். பெரும் பணம் போட்டவரும் கொஞ்சம் போட்டவரும் அந்தக் கூட்டத்தில் சமம். இப்படிச் சேர்ந்தது 5 லட்சம் பவுண்டுக்கு மேல். அன்றைய மதிப்பில் நாலரைக் கோடி ரூபாய்க்குக் குறையாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் கடல்நீர் கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும். வருடத்தில் சில மாதமே வருமானம். கார்ன்வாலின் அடியில் இருப்பது கருங்கல் பாறை. அதிலுள்ள யுரேனியம், தோரியம் போன்ற தனிமங்கள் மெல்ல மெல்லச் சிதைவதால் பாறை கூடுதல் சூடாக இருக்கும். அந்தச் சூட்டைப் பயன்படுத்த 410 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வளர்ச்சி நிதி உதவியது. கீழிருந்து வரும் வெதுவெதுப்பான நீரின் வெப்பத்தை இயந்திரம் மூலம் உயர்த்தி, குளத்தின் ஒரு பகுதியைத் தடுத்து 35 டிகிரி வரை சூடாக்கினார்கள். 2020 செப்டம்பரில் அது திறந்தது. கோடைக்கு மட்டும் என்றிருந்த குளத்துக்குக் குளிர் மாதங்களிலும் ஆள் வர வழி பிறந்தது.

எல்லா ஊரிலும் இப்படி முடிந்தது என்று நினைக்கவேண்டாம். பாத் நகரில் கிளீவ்லண்ட் குளம் என்று ஒன்று, இருநூறு ஆண்டுக்கும் மேல் பழையது. 1984இல் மூடினார்கள். 2004இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பத்தொன்பது ஆண்டு ஓயாமல் உழைத்து 2023 செப்டம்பரில் திறந்தார்கள். நாலே மாதம்! 2024 ஜனவரியில் ஏவன் ஆற்று வெள்ளம் இயந்திர அறைக்குள் புகுந்து மறுபடி மூடவேண்டியதாயிற்று. கட்டி முடிப்பது வேறு, காத்து வைப்பது வேறு என்பதை அந்த ஊர் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு உத்திரமேரூர்தான் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. அந்த ஊர்ச் சபையில் ஏரி வாரியம் என்று தனிக்குழு. ஆறு உறுப்பினர், குடவோலை முறையில் தேர்வு, ஓராண்டு பொறுப்பு. வகுப்பில் குடவோலை என்றதும் பிள்ளைகள் பானையையும் ஓலையையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். நான் அழுத்திச் சொல்வது வேறொரு விதி: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே "கணக்கு யார் காட்டுவது?" என்ற கேள்விக்குக் கல்லில் பதில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

குடிமராமத்து என்ற வழக்கமும் நமக்கு உண்டு. வாய்க்கால், கண்மாய் வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள். 1858இல் கம்பெனி அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டு, வராதவருக்கு அபராதம் என்றது. ஆனால் ஏரியின் வருமானமும் அதிகாரமும் அரசிடம் போய்விட்ட பிறகு மண்வெட்டி மட்டும் ஊர்க்காரன் கையில் இருந்தால் எத்தனை நாளைக்கு வருவான்? சட்டம் போட்டும் குடிமராமத்து தேய்ந்தது. உரிமை இல்லாத இடத்தில் பொறுப்பு தங்காது.

பழம்பெருமை பேசி நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். உத்திரமேரூர்ச் சபையில் உட்கார நிலமும் வேதக் கல்வியும் வேண்டும், எல்லாக் குடிக்கும் இடம் இல்லை. நம் ஊர்க் குளங்களில் யார் இறங்கலாம், யார் கரையிலேயே நிற்கவேண்டும் என்ற கொடுமை நெடுங்காலம் இருந்தது. மகாத் நகராட்சி தன் குளத்தை எல்லோருக்கும் பொது என்று அறிவித்த பிறகும், அந்தத் தண்ணீரைத் தொட 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடக்கவேண்டியிருந்தது. 'ஊர் கூடி' என்ற சொல்லில் ஊர் யார் என்று கேட்காமல் எந்த வசூலும் தொடங்கக்கூடாது. ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற விதியின் அருமை எனக்கு இங்கேதான் புரிகிறது.

பள்ளிக்கூடத்துக்காரன் என்பதால் இன்னும் ஒன்று. இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை 25 மீட்டர் நீந்தவேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் கோடை விடுமுறை விடும் நாளில் "கிணற்றுப் பக்கம் போகாதீர்கள், ஆற்றுப் பக்கம் போகாதீர்கள்" என்று வரிசையில் நிற்க வைத்துச் சொல்லி அனுப்புவோம். நீந்தக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது எந்த ஊரிலாவது ஒரு வருகைப்பதிவேட்டில் ஒரு பெயர் குறைந்திருக்கும். பாதுகாப்பான ஊர்க்குளம் என்பது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

உங்கள் ஊரில் குளமோ, ஊருணியோ, படிக்கட்டு இடிந்த கிணறோ சீரமைக்க வசூல் நடந்தால் கட்டாயம் கொடுங்கள். கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். வேலை முடிந்த பிறகு பராமரிப்புச் செலவு எங்கிருந்து வரும்? வருடத்துக்கு ஒரு முறை கணக்கை எந்த இடத்தில், யார் முன்னால் வாசிப்பீர்கள்? அந்தக் கூட்டத்தில் எல்லாத் தெருவுக்கும் குரல் உண்டா?

இப்படிக் கணக்கு வாசித்து நடத்தும் குளம் எந்த ஊரிலாவது இருந்தால் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். உள்ளூர் வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பி வைக்கிறேன்.