கூழும் முருங்கைக்கீரையும்: நம்ம முன்னோர் பசியாறிய கதை

ஆடி வருது, கோயில்ல கூழ் ஊத்தப் போறோம். அதை ஒட்டித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம தாத்தா பாட்டிமார்களில் பலர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு பக்கத்திலிருந்து கங்காணி மூலமாக வந்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம். 1926-இல் ஓட ஆரம்பித்த ரஜூலா கப்பலைப் பற்றி இன்னும் பல வீடுகளில் பேசுவார்கள். இறங்கினதும் நேரா தோட்டத்துக்குப் போக முடியாது. அம்மை, காலரா பயத்தில் ஜெரஜாக் தீவில் தனியா வைத்திருந்துதான் அனுப்புவார்கள்.

தோட்டத்தில் அரிசி கிடைத்தது. ரங்கூன் புழுங்கல் அரிசி. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஊர்ல மானாவாரி பூமியில இருந்தவங்களுக்கு அன்றாடச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும்தான். நெல்லுச்சோறு நல்ல நாளுக்கு மட்டும். இங்கே வந்ததும் தலைகீழ். தினமும் சோறு, ஆனா நாக்கு தேடினது கூழை.

சிங்கப்பூரில் 1924-இல் ஆனந்த பவன் வந்தது, 1947-இல் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் வந்தது. பட்டணத்துல கையில காசு இருந்தவங்களுக்கு இட்லியும் காப்பியும் கிடைச்சது. தோட்டத்துல இருந்தவங்க என்ன செய்வாங்க? லயத்துக்குப் பின்னால முருங்கைக் கொம்பை நட்டாங்க. கறிவேப்பிலை வச்சாங்க. அம்மியில மிளகாய் அரைச்சாங்க. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போகணும்; முதல் நாள் சோத்துல தண்ணி ஊத்தி வச்சதுதான் காலைப் பசியாற. தேடி வந்த நாட்டுல ஊர்ச் சாப்பாடு தயாரா இல்லை, அவங்களே உண்டாக்கிக்கிட்டாங்க.

1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குப் பஞ்சம். மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அப்போ பக்கத்துல நின்னது அந்தக் கொல்லைக் கீரைதான்.

ஆடி மாசம் தோட்டத்து மாரியம்மன் கோயில்ல கூழ் காய்ச்சினாங்க. அது அம்மனுக்குப் படைச்ச கூழ். ஊரை விட்டு வந்தவங்க ஊரை நாக்குல வச்சுப் பார்த்த நாளும் அதுதான். யாரு எந்தத் தோட்டம்னு கேட்டு ஊத்தல. பாத்திரம் நீட்டினவங்களுக்கு எல்லாம் ஊத்தினாங்க.

இதை ஏன் எழுதுறேன்னா, இப்போ அன்னதான வரிசையில தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிங்க நிறைய பேர் நிக்கிறாங்க. "சாமி கும்பிடவா வர்றாங்க, சாப்பிடத்தானே" என்று நம்ம ஆளுங்களே முணுமுணுக்கிறது என் காதில் விழுது. நான் ஃபேக்டரியில் தினமும் புது ஆளுங்களைப் பார்க்கிறவன். வந்த முதல் மாசம் அவங்க முகம் எப்படி வாடியிருக்கும்னு தெரியும். ஒரு கரண்டி சாம்பார் அந்த முகத்தை மாத்திடும்.

நம்ம தாத்தாவும் இதே மாதிரி ஒரு வரிசையில் நின்னவர்தான். அதனால முணுமுணுக்காம இன்னொரு கரண்டி சேர்த்து ஊத்துங்க. கூழ் காய்ச்ச, வெங்காயம் உரிக்க, கீரை ஆய ஆள் வேணும். முடிஞ்சவங்க முதல் நாள் சாயங்காலமே கோயிலுக்கு வந்துடுங்க.