எலும்புக்கூடும் பேயும்: இரண்டு சொற்களின் வழியே நம் வரலாறு



கந்தர்வக்கோட்டையில் நின்று பேசுவதால் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறோம். பதினெண் கணங்கள் என்று நம் பழைய நூல்கள் அடுக்கும் பட்டியலில் கந்தர்வர் உண்டு, பூதர் உண்டு, பசாசரும் உண்டு. எவரும் எவரையும் கண்டதில்லை. ஆனாலும் கந்தர்வனுக்கு இசையும் வானமும் கோட்டையும் கொடுத்தார்கள். பிசாசுக்குச் சுடுகாட்டையும் புளியமரத்தையும் கொடுத்தார்கள். இல்லாதவர்களுக்குள்ளேயே மேல் கீழ் பிரித்த சமூகம், இருக்கிறவர்களைப் பிரிக்காமல் விடுமா?

இன்றைக்கு இரண்டு சொற்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று எலும்புக்கூடு, மற்றொன்று பேய். சினிமா சுவரொட்டியில் பேய்ப்படம் என்றால் மண்டையோட்டை வரைகிறார்கள். பார்த்துப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று பழகிவிட்டோம். உண்மையில் எலும்புக்கூடு, ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதற்குச் சாட்சி. பேய், மற்றவர்கள் அஞ்சினார்கள் என்பதற்குச் சாட்சி. நம் மக்களின் வரலாற்றில் எலும்பு எங்கே போனது, பேய் மட்டும் எப்படி மிஞ்சியது என்பதே நம் கேள்வி.

சொற்களைத் தோண்டி வரலாறு எடுக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அதைத்தான் செய்தார். ஆண்டவர்கள் எழுதிய ஏட்டில் நம் பெயர் இல்லை என்றால், அன்றாடம் நாம் பேசும் சொல்லில், கொண்டாடும் பண்டிகையில் தேட வேண்டும் என்று காட்டியவர் அவர்.

சொல் சொல்லும் கதை

‘கூடு’ என்றால் தமிழில் ஓர் உயிர் தங்கிய இடம். தேன்கூடு, குருவிக்கூடு, நெல் கொட்டி வைக்கும் நெற்கூடு. அந்த வரிசையில்தான் எலும்புக்கூடும் வருகிறது. உயிர் குடியிருந்த வீட்டின் மிச்சம் என்பதுதான் பொருள். அந்தச் சொல்லில் அச்சமே இல்லை.

‘பேய்’ அப்படி இல்லை. தொல்காப்பிய உரியியலில் ‘பேம்’ என்பது அச்சத்தைக் குறிக்கும் சொற்களில் ஒன்று. பேயும் அதனோடு உறவுடைய சொல் என்று கொள்ள இடமிருக்கிறது. சங்கப் பாடல்களின் போர்க்களத்தில் பிணம் தின்னும் பேய்மகளிர் வருகிறார்கள். பிறகு அந்தச் சொல் செடிகொடிகளுக்கும் பரவியது. தோட்டத்தில் விளைந்தால் சுரை, தானே முளைத்துக் கசந்தால் பேய்ச்சுரை. அதேபோலத்தான் பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல். வேலிக்குள் அடங்காததும் வாய்க்கு இனிக்காததும் பேய் ஆகிவிட்டது. வேலி போட்டவன் வைத்த பெயர் அது.

திருக்குறள் இன்னொரு பொருளைத் தருகிறது. உலகம் உண்டு என்று ஒப்புக்கொண்டதை இல்லை என்று மறுப்பவன் பேயாக எண்ணப்படுவான் என்கிறது 850ஆம் குறள். பேய்க்கு அங்கே வரும் சொல் அலகை. வள்ளுவர் புல்லறிவைக் கண்டித்துத்தான் அதைச் சொன்னார். ஆனால் ‘உலகம்’ என்பது யாருடைய உலகம் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. பிறப்பில் உயர்வு தாழ்வு உண்டு என்று ஊரே சொன்னபோது ‘இல்லை’ என்று சொன்னவர்கள் நம் பாட்டன்மார். அவர்களைப் பிடித்து ஆட்டும் பேய் எது என்றுதான் ஊர் கேட்டது.

வடமொழியிலிருந்து வந்த ‘கங்காளம்’ என்ற சொல்லும் எலும்புக்கூட்டைக் குறிக்கும். தோளில் எலும்புக்கூடு சுமந்து நிற்கும் சிவனுக்குக் கங்காளமூர்த்தி என்று பெயர். கோயில்களில் சிற்பம் இருக்கிறது, பூசை இருக்கிறது. தசை முழுவதும் உதிர்த்துப் பேய் வடிவம் பெற்ற காரைக்கால் அம்மையார் செப்புத் திருமேனியாக நிற்கிறார். கடவுளும் அடியாரும் எலும்பைச் சுமந்தால் புனிதம். ஊரார் பிணத்தைச் சுமந்து, குழி வெட்டி, எரித்து, மறுநாள் எலும்பு பொறுக்கிக் கொடுத்த நம் மக்களுக்கு மட்டும் தீட்டு.

தாழிக்குள் இருந்தவர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தோண்டினால் தாழி கிடைக்கும் ஊர்கள் பல. சித்தன்னவாசலைச் சுற்றிப் பெருங்கற்காலப் புதைகுழிகள் இருக்கின்றன. முதுமக்கள் தாழி பற்றி எல்லா ஊரிலும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் கிழவர்கள் சாகவே மாட்டார்கள், சுருங்கிக் குழந்தை அளவுக்கு வந்ததும் உணவோடும் விளக்கோடும் தாழிக்குள் உயிரோடு வைத்து மூடிவிடுவார்கள் என்று பாட்டிகள் சொல்வார்கள். அது பேய்க் கதை. அகழாய்வில் கிடைத்த எலும்புகள் வேறு கதை சொல்கின்றன. அவை இறந்தவர்களைப் புதைத்த தாழிகள். பல இடங்களில் உடல் மக்கிய பிறகு எலும்புகளைச் சேர்த்து மரியாதையோடு வைத்திருக்கிறார்கள். ஓர் எலும்புத் துண்டு ஒரு வதந்தியைத் திருத்துகிறது.

கீழடியை அடுத்த கொந்தகையில் எடுத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு முகங்களை உருவாக்கி 2025இல் வெளியிட்டார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் ‘இவர் யார், எந்த ஆட்கள்’ என்று கேட்கும் வாய்கள் உடனே திறந்தன. எலும்பிலிருந்து வயதை ஓரளவு அறியலாம், ஆணா பெண்ணா என்று அறியலாம், என்ன தின்றார்கள் என்றுகூட அறியலாம். சாதியை அறிய முடியாது. அது எலும்பில் இல்லை. சாதி ஒரு மனநிலை என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதன் பொருள் இதுதான். உடம்பே இல்லாமல் வழியை மறிக்கும் ஒன்றுக்கு நம் மொழியில் என்ன பெயர்?

அறிவியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. 1876இல் ஜெர்மனியைச் சேர்ந்த யாகோர் ஆதிச்சநல்லூரைத் தோண்டிக் கிடைத்த பொருட்களைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதே 1876இல்தான் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். நிலமில்லாத கூலிகளான நம் மக்கள் முதலில் செத்தார்கள். உயிரோடு எலும்புக்கூடாக நின்றவர்களை வரிசையாக உட்கார வைத்து ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. செத்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலான எலும்புக்கு எண் போட்டுப் பெட்டி செய்தார்கள். அந்தப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர்கூட எழுதவில்லை. பின்னாளில் மருத்துவக் கல்லூரிகளுக்காக இந்தியாவிலிருந்து மனித எலும்புக்கூடுகள் ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியாயின. 1985இல்தான் அரசு தடை விதித்தது. யாருடைய எலும்புகள் அவை? கேட்க நாதியற்றவர்களின் எலும்புகள்.

எலும்பு இல்லாத சாமிகள்

காத்தவராயனைக் கழுவேற்றினார்கள். மதுரைவீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள். இருவரும் ஒடுக்கப்பட்டோர் வீட்டில் வளர்ந்தவர்கள், சாதி தாண்டிக் காதலித்தவர்கள் என்கிறது கதைப்பாடல். கொன்ற பிறகு பயம் வந்தது. அகாலத்தில் போன உயிர் சும்மா விடாது என்று பீடம் கட்டிப் படையல் போட்டார்கள். நந்தன் தீயில் இறங்கிச் சோதியில் கலந்தான் என்றார்கள். சோதியில் கலந்தவனுக்கு எலும்பு இருக்காது. எலும்பு இல்லை என்றால் விசாரணையும் இல்லை. நம்மைக் கொன்றவர்கள் நமக்குப் பேய் என்றும் சாமி என்றும் பெயர் கொடுக்கத் தயங்கியதே இல்லை. கொலையுண்டவர் என்ற பெயரைத்தான் கொடுக்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. தஞ்சாவூர் மாவட்டத்து ஜமீன்களில் ஒன்றாக இருந்தது நம் கந்தர்வக்கோட்டை. அதே தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட குற்றத்துக்காக 44 பேரை ஒரே குடிசைக்குள் எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அங்கே எலும்பு இருந்தது. எண்ணிக்கை இருந்தது. உயிர் பிழைத்த சாட்சிகளும் இருந்தார்கள். ஆனாலும் வசதி படைத்த நிலவுடைமையாளர்கள் தாமே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று கருதி, 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆக, எலும்பு இருந்தால் மட்டும் போதாது. அதை நம்பும் கண் வேண்டும்.

இன்றைய பேய்கள்

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அருகே ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் பாதை நிலக்காரர்களின் வேலிக்குள் போய்விட்டது. அந்தக் காட்சியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. நாங்களும் வயல் வரப்பில் ஒற்றைக்காலில் தடுமாறிப் பாடை தூக்கியவர்கள்தான். ஊரார் பேய்க்கு அஞ்சிப் போகாத சுடுகாட்டு ஓரத்தில்தான் நம் தெருக்களை வைத்தார்கள். அந்தச் சுடுகாட்டுக்கு நாம் போகத்தான் பாதை இல்லை.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. மறுநாள் மாவட்ட ஆட்சியர், பக்கத்திலிருக்கும் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் நம் மக்களை அழைத்துப் போனார். அப்போது ஒரு பெண் சாமி வந்ததாக ஆடி, அவர்களைச் சாதி சொல்லி இழிவாகப் பேசினார். காவல்துறை கைது செய்தது. நம் வீட்டுப் பெண் உடலில் இறங்கினால் அது பேய். ‘நீ யார், எந்த ஊர், எப்போது போகிறாய்’ என்று வேப்பிலையால் அடிப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண் உடலில் இறங்கினால் அது சாமி; சாமி சொன்னதற்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். அன்று முதல்முறையாக அந்தச் சாமிமேல் வழக்குப் பாய்ந்தது.

ஆனால் தொட்டி வழக்கில் நடந்தது என்ன? சாட்சியம் தேடி மரபணுச் சோதனைக்கு முதலில் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வேங்கைவயல் மக்களே. பலர் ரத்தம் தர மறுத்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகையும் அதே மக்களில் மூவர்மீதே வந்தது. இயக்கங்கள் அதை ஏற்கவில்லை. தண்ணீரைக் குடித்தவன் உடம்பிலேயே தடயம் தேடுவது எலும்பின் மொழி ஆகாது.

மாணவர்களே, இந்த நினைவுரையிலிருந்து நீங்கள் எடுத்துப்போக வேண்டியது ஒரு வேலை. உங்கள் ஊர்ச் சுடுகாட்டின் புல எண்ணை அ பதிவேட்டில் தேடுங்கள். பாதை புலப்படத்தில் எங்கே இருந்தது, இப்போது யார் வேலிக்குள் இருக்கிறது என்று பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். உங்கள் தெருவில் ‘அடிச்சுப் போட்ட’ ஆள் பேயாக அலைகிறார் என்று ஒரு பாட்டி சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அந்த ஆளின் பெயர் என்ன, எந்த வருடம், யாரிடம் வேலை பார்த்தார், வழக்கு இருந்ததா என்று கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பேய்க் கதைக்குள்ளும் எழுதப்படாத ஒரு முதல் தகவல் அறிக்கை இருக்கக்கூடும்.

பெயரும் தேதியும் இடமும் சேர்ந்தால் பேய் மறுபடி மனிதராகிவிடும். அவருக்கு நாம் செய்யும் நல்லடக்கம் அதுவே.

ஜெய் பீம்.